வீட்டுக் கோழிகளோடு சேவல் வளர்க்கலாமா? புதியவர்களுக்கான செய்முறை

பெட்டைக்கோழி முட்டையிடச் சேவல் தேவையே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "சேவல் இல்லாமல் முட்டை வருமா?" என்று பயந்தே ஒன்றுக்கு மூன்றாகச் சேவல்களை வைத்துக்கொண்டு அவதிப்படுபவர்கள் நிறைய. அடை வைத்துக் குஞ்சு பொரிக்க வேண்டுமானால்தான் சேவல் அவசியம். இன்னொரு பயனும் உண்டு: காவல். வானத்தில் பருந்து தெரிந்தால் ஒரு குரல், தரையில் பூனையோ கீரியோ வந்தால் வேறொரு குரல் என்று பிரித்தே எச்சரிக்கும். இந்த இரண்டும் வேண்டாமென்றால் பெட்டைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நிம்மதி.

படி 1: எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்

எட்டு முதல் பன்னிரண்டு பெட்டைகளுக்கு ஒரு சேவல் என்பது பொதுவான கணக்கு. ஆறு பெட்டைகள் மட்டும் இருந்தாலும் சாதுவான ஒரு சேவலால் தொந்தரவு வராது. இரண்டாவது சேவலை விட்டால்தான் சிக்கல். சேவல் இணைசேர மிதிக்கும்போது பெட்டையின் முதுகில் ஏறி நின்று, பிடரி இறகை அலகால் கவ்விக்கொள்ளும். பெட்டைகள் குறைவாக இருந்தால் அதே கோழி திரும்பத் திரும்ப மிதிபட்டு, முதுகு இறகு உதிர்ந்து தோல் தெரிய ஆரம்பிக்கும். அதற்குமேல் போனால் நகம் பட்டுக் கிழியும். பெட்டையின் முதுகு மொட்டையாவது தெரிந்த உடனே சேவலைத் தனிக்கூண்டில் போடுங்கள்.

படி 2: சேவல் எது என்று சீக்கிரம் கண்டுபிடியுங்கள்

பொரிக்கும் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவலாகத்தான் இருக்கும். ஆறு, எட்டு வாரத்தில் கொண்டை சிவந்து பெரிதாகத் தொடங்கும். ஆனால் கொண்டையை மட்டும் நம்ப வேண்டாம், சில இனங்களில் பெட்டைக்கும் அப்படித்தான். மூன்று மாதம் ஆனதும் வால் தொடங்கும் இடத்துக்கு முன்னால் முதுகு இறகைத் தூக்கிப் பாருங்கள். நுனி கூராக, நீளமாக, பளபளப்பாக இருந்தால் சேவல். பெட்டைக்கு நுனி வட்டமாக இருக்கும். பெரும்பாலும் நான்கு, ஐந்து மாதத்தில் கூவத் தொடங்கிவிடும், அதற்குள் எதை வைப்பது, எதைக் கொடுப்பது என்று தீர்மானித்துவிடுங்கள். பெட்டைகளே இல்லாத தனி அடைப்பில் சேவல்கள் மட்டும் சேர்ந்து ஓரளவு சண்டையில்லாமல் இருக்கும். இடம் இருப்பவர்களுக்கு இது நல்ல வழி.

படி 3: குணம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

நிறமும் வாலும் பார்த்துத்தான் பலர் சேவலை வைத்துக்கொள்கிறார்கள். நான் தீவனம் போடும் நேரத்தில் பார்க்கச் சொல்வேன். நல்ல சேவல் தானியத்தை அலகால் எடுத்து, கீழே போட்டு, மறுபடி எடுத்து, "கொக் கொக்" என்று பெட்டைகளைக் கூப்பிடும். அவை தின்னும்வரை காத்திருக்கும். மாறாக, உங்கள் காலருகே ஒரு இறக்கையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் நடனமாடி வருகிற இளஞ்சேவலைக் கவனியுங்கள். அது உங்களை எதிரியாக எடைபோடுகிறது.

அப்படி வந்தால் ஓடவும் கூடாது, உதைக்கவும் கூடாது. ஓடினால் ஜெயித்துவிட்டதாக நினைக்கும், உதைத்தால் சண்டைக்கு அழைத்ததாக எடுத்துக்கொள்ளும். அசையாமல் நில்லுங்கள், அல்லது நிதானமாக அதன் பக்கம் நடந்து அதை விலக வையுங்கள். பல சேவல்கள் இதிலேயே அடங்கிவிடும். இதற்கும் அடங்காமல் பறந்து அடிக்கிற சேவலைச் சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் வைத்திருக்காதீர்கள். காலின் பின்புறம் இருக்கும் கூர்மையான முள் கண்ணில் பட்டால் விபரீதம். அதோடு சேர்ந்த பெட்டைகளின் முட்டையை அடை வைக்கவும் வேண்டாம், முரட்டுக்குணம் ஓரளவு பரம்பரையாக வரும்.

படி 4: தீவனம்

முட்டையிடும் கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம். சேவலுக்கு அவ்வளவு தேவையில்லை, நாளடைவில் சிறுநீரகத்துக்குச் சுமை. எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீவனம் கொடுத்து, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டிய பெட்டை தானாகக் கொத்திக்கொள்ளும்.

படி 5: வாரம் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள்

இருட்டியபின் எடுத்தால் திமிறாது. பெட்டைகளைத் தின்னவிட்டுத் தான் பட்டினி கிடக்கிற சேவல்களும் உண்டு, அதனால் நெஞ்செலும்பைத் தடவுங்கள். கத்திபோல் துருத்தினால் தனியாகத் தீவனம் வைக்க வேண்டும். எச்சத்துவாரத்தைச் சுற்றி இறகை விலக்கிப் பேன் பாருங்கள். கால் செதில் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் செதிலுக்கடியில் உண்ணி புகுந்திருக்கலாம். முள் நீண்டிருந்தால் நுனியை மட்டும் அரத்தால் தேய்த்து மழுக்குங்கள். உள்ளே எலும்பும் ரத்தநாளமும் இருப்பதால் வெட்ட வேண்டாம்.

படி 6: கூவல்

நிறுத்த முடியாது. விடியலைப் பார்த்துத்தான் கூவும் என்றில்லை. உடலுக்குள் இருக்கும் கடிகாரமே எழுப்பிவிடும். இரவில் காற்றோட்டமுள்ள இருட்டான கூண்டில் அடைத்தால் அக்கம்பக்கத்துக்குச் சத்தம் கொஞ்சம் குறைவாகக் கேட்கும். உங்கள் பகுதியில் சேவல் வளர்க்கத் தடை உண்டா என்பதையும் வாங்கும் முன்பே விசாரியுங்கள்.

படி 7: சேவலை மாற்றும்போது

தகப்பனும் மகள்களும் சேர்ந்து தலைமுறைகள் போனால் குஞ்சு பொரிப்பது குறையும், எனவே ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை வெளியிலிருந்து வேறு சேவல் கொண்டுவாருங்கள். புதியதை ஒரு மாதம் தனியாக வைத்து, நோயில்லை என்று உறுதியானபின் சேருங்கள். பழைய சேவல் போனபிறகும் அதன் விந்து பெட்டையின் உடலில் இரண்டு, மூன்று வாரம் தங்கியிருக்கும். புதுச் சேவலின் குஞ்சுகள்தான் வேண்டுமென்றால், பழையது போய் ஒரு மாதமாவது ஆனபின் கிடைக்கும் முட்டைகளையே அடைக்கு எடுத்து வையுங்கள்.