மெஷினைப் பார்க்கும் முன் மேடை விளிம்பைப் பாருங்கள்

எங்கள் வீட்டுச் சமையலறை எட்டுக்கு ஆறு. வேளச்சேரியில் பழைய ஃபிளாட், இரண்டாவது மாடி. அடுப்பு, மிக்ஸி, டேபிள்டாப் கிரைண்டர், தண்ணீர் கேன் எல்லாம் மேடையில் இடம்பிடித்த பிறகு மிஞ்சுவது ஒன்றேமுக்கால் அடி. காய் நறுக்குவது, சப்பாத்தி தேய்ப்பது, எல்லாம் அதற்குள்தான். அந்த ஒன்றேமுக்கால் அடியில் பாஸ்தா மெஷினையும் கொண்டுவந்து நுழைத்தவன் நான். வாங்கலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது பட்ஜெட்டை அல்ல. "உங்க மேடை ஓரம் எவ்வளவு தடிமன்?"

பார்சல் வந்த ஞாயிற்றுக்கிழமை மகள் மாவைப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடி வைத்திருந்தாள். கையால் சுற்றும் ரோலர் மெஷின். ஓரத்தில் வைத்து, அடியிலிருந்து கிளாம்ப்பைக் கொடுத்து இறுக்க வேண்டும். கிளாம்ப் உள்ளேயே போகவில்லை. குனிந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. கிரானைட் பலகை முக்கால் அங்குலம்தான், ஆனால் விளிம்பு கனமாகத் தெரிய வேண்டும் என்று அதே கல்லில் இன்னொரு பட்டையை அடியில் ஒட்டியிருந்தார்கள். மொத்தம் ஒன்றரை அங்குலம். பட்டையைத் தாண்டி உள்ளே போனால் உடனே டிராயர். அன்று மகள் பிசைந்த மாவு சப்பாத்திக் கட்டையால் தேய்த்து, கத்தியால் நறுக்கி, கோணல்மாணலாகத் தட்டுக்கு வந்தது. நன்றாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம்.

ஆகவே முதலில் ஸ்கேலை எடுங்கள். விளிம்பின் தடிமன், அடியில் டிராயரோ கதவோ இடிக்காமல் உள்நோக்கி எவ்வளவு இடம், இந்த இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். வாங்கப் போகும் மெஷினின் கிளாம்ப் எவ்வளவு விரியும் என்று கேட்டு ஒப்பிடுங்கள். படத்தில் எல்லாக் கிளாம்ப்பும் எல்லா மேசைக்கும் பொருந்துவது போலத்தான் இருக்கும். மூன்றாவது அளவு கைப்பிடிக்கு. அது பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு முழு வட்டம் சுற்றும். வலப்பக்கம் சுவரோ குழாயோ ஃபிரிட்ஜோ இருந்தால் முட்டி பெயர்ந்துவிடும். சாப்பாட்டு மேசை மரமாக இருந்தால் அதுவே நல்ல இடம். கண்ணாடி மேசையில் மட்டும் கிளாம்ப்பை இறுக்கிவிடாதீர்கள்.

நான் என்ன செய்தேன் என்றால், தெரிந்த ஆசாரி ஒருவரிடம் போய் இரண்டடி நீளத்தில் ஒரு மரப்பலகை கேட்டேன். "இதுக்கு ஒரு குட்டி டேபிளே வாங்கிடலாமே சார்" என்றார். டேபிளுக்கு இடம் இருந்தால் நான் ஏன் அவரிடம் போகிறேன். பலகையை மேடைமேல் வைத்து, ஒரு முனை நாலு அங்குலம் வெளியே துருத்திக்கொண்டிருக்கும்படி விட்டு, அங்கே மெஷினை மாட்டினேன். மறுமுனைமேல் கிரைண்டரைத் தூக்கி வைத்தேன். கல்லின் கனத்துக்குப் பலகை அசைவதில்லை. அடியில் ஈரத்துணி ஒன்றை விரித்துவிட்டால் வழுக்குவதும் இல்லை.

சரி, இடம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பாஸ்தா மெஷின் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சாமான்களை விற்கிறார்கள். ஒன்று கரும்பு ஜூஸ் மெஷின் மாதிரி. இரண்டு உருளைகளுக்கு நடுவே மாவைக் கொடுத்தால் தகடாக வரும். அதையே வெட்டும் உருளையில் விட்டால் நாடா நாடாவாகப் பிரியும். லசான்யா தகடு, ஃபெட்டுச்சினி, பூரணம் வைக்கிற ராவியோலி, இவையெல்லாம் இதில் வரும். தலைகீழாக நின்றாலும் மக்ரோனி வராது. மற்றொன்று முறுக்கு உரல் ஜாதி. அச்சின் துளை வழியாக மாவைப் பிதுக்கித் தள்ளும். உருண்டை நூலாக வரும் ஸ்பகெட்டி, குழல் குழலான பென்னே, மக்ரோனி எல்லாம் அதில்தான். பெரும்பாலும் மின்சாரத்தில் ஓடுவது.

பிள்ளைகள் கேட்பது பென்னேயும் மக்ரோனியும் மட்டும்தான் என்றால் மெஷினே வேண்டாம், பாக்கெட் வாங்குங்கள் என்பேன். டூரம் என்ற கடினக் கோதுமையில் செய்து காயவைத்த பாக்கெட் பாஸ்தா மட்டமான பண்டம் அல்ல. அந்த வடிவங்களில் வீட்டு மெஷின் அதைவிடப் பெரிதாக ஒன்றும் சாதித்துவிடாது. முட்டை போட்டுப் பிசைந்து அன்றே தேய்த்து அன்றே வேகவைக்கும் நாடாவும், பூரணம் வைத்ததும்தான் வீட்டில் செய்யும்போது வேறு ருசி. அதனால் சின்னச் சமையலறைக்கு என் ஓட்டு கைச்சுற்று ரோலருக்குத்தான். அதற்கு பிளக் பாயின்ட் வேண்டாம். மேடையில் நிரந்தரமாக உட்கார்ந்துகொள்ளாது. வேலை முடிந்ததும் கழற்றி, செருப்பு டப்பாவைவிடச் சற்றுப் பெரிய பெட்டிக்குள் வைத்துவிடலாம்.

மின்சார மெஷினை அடியோடு தள்ளிவிடவும் இல்லை. எதிர்வீட்டில் இருக்கிறது, நாலைந்து முறை கூட இருந்து செய்திருக்கிறேன். மாவையும் தண்ணீரையும் அளந்து ஊற்றினால் பிசைவதும் பிழிவதும் அதன் பாடு. தோள்வலிக்காரர்களுக்கும், மாவில் கைவைக்கப் பிடிக்காதவர்களுக்கும் அதுதான் சரி. ஆனால் உள்ளே மாவு உருண்டு திரளும் என்று காத்திருந்து, திரளவில்லையே என்று தண்ணீரைக் கூட்டினால் கெட்டது. அதன் பதம் புட்டு மாவுப் பதம். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். அப்படி உதிரியாக இருப்பதைத்தான் திருகு முன்னே தள்ளி அச்சில் அழுத்தி ஒன்றாக்கும். இன்னொன்று, அச்சைக் கழுவும் வேலை. துளைக்குள் ஈரமாவு அப்பிக்கொள்ளும். உடனே ஊசியால் நோண்டாமல், அச்சை மட்டும் கழற்றி ஃபிரீசரில் ஓர் இரவு போட்டுவிடுங்கள். காலையில் குச்சியால் தட்டினால் மாவு துண்டு துண்டாக விழும். வெளிநாட்டுச் சொந்தக்காரர் வாங்கி வருவதாகச் சொன்னால் வோல்டேஜைக் கேளுங்கள். அமெரிக்கச் சாமான் 120 வோல்ட், நம் ஊர் 230.

முறுக்கு உரல் ஜாதி என்றதும் வீட்டில் இருப்பதை வைத்தே ஒப்பேற்றலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. நான் கோபிப் பக்கம். அம்மிச்சி வீட்டில் மூன்று கால் வைத்து மேலே திருகும் சந்தகை மெஷின் உண்டு, எங்கள் பக்கத்து இடியாப்பம் பிழிவதற்கு. வடகிழக்கு இத்தாலியில் வெனெட்டோ பகுதிக்காரர்கள் பிகோலி என்ற தடித்த நூல் பாஸ்தாவைப் பிழிவதும் இதே மாதிரி திருகு உரலில்தான். அங்கே அதை ஒரு பெஞ்சில் பொருத்தி, பெஞ்சின்மேல் உட்கார்ந்துகொண்டு திருகுவார்கள். சந்தகைக்கு வெந்த மாவைச் சூட்டோடு பிழிகிறோம், அதனால் இறங்கிவிடுகிறது. பச்சைக் கோதுமை மாவு அப்படி இல்லை. நானும் மைத்துனனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திருகியும் விரல் நீளத்துக்குத்தான் வந்தது. மாவை இளக்கினால் இறங்கும், ஆனால் விழுந்த வேகத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பித்தளை முறுக்கு உரலில் தேன்குழல் அச்சைப் போட்டு, சற்றே இளகிய மாவாக, நேரே கொதிக்கும் தண்ணீருக்குள் பிழிந்தால் சுமாராக வருகிறது. அலுமினிய உரலில் முயல வேண்டாம், கைப்பிடி வளைந்துவிடும்.

ரோலர்தான் என்று முடிவு செய்துவிட்டால், அப்புறம் பார்க்க வேண்டியது அதன் உருளைகளை. மாடல் பெயரில் 150, 180 என்று ஓர் எண் வரும். தகட்டின் அகலம், மில்லிமீட்டரில். இத்தாலியில் படுவா நகருக்குப் பக்கத்தில் செய்யப்படும் மார்க்காத்தோ அட்லஸ் 150 என்ற பெயரில் இருப்பதும் அதுதான். 180 வாங்கினால் லசான்யா தட்டு சீக்கிரம் நிரம்பும் என்பது உண்மை. ஆனால் சின்ன வீட்டுக்கு 150 போதும். 100 கிராம் மாவும் ஒரு முட்டையும் சேர்ந்த உருண்டை, ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்கு இறங்கும்போதே அரை மீட்டரைத் தாண்டிவிடும். ஒரு மில்லிமீட்டருக்குப் போனால் முக்கால் மீட்டருக்கு மேல். அதை எங்கே கிடத்துவீர்கள்? உருண்டையைப் பாதியாக்கிக்கொண்டு தேய்ப்பதுதான் நடக்கிற காரியம்.

கடையில் நேரில் பார்க்க முடிந்தால் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். குமிழைத் திருகி உருளைகளை இருப்பதிலேயே மிக நெருக்கமாக வையுங்கள். எதிர்ப்பக்கம் செல்போன் டார்ச்சை அடியுங்கள். நடுவே தெரியும் வெளிச்சக் கோடு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே கனத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்தால், தகடு வாழை இலை வளைவதுபோல ஒரு பக்கமாக வளைந்து வரும், அதைச் சரிசெய்யவே முடியாது. பிறகு கைப்பிடியை மாட்டிப் பத்துச் சுற்று சுற்றுங்கள். விலை குறைந்த மெஷின்களில் பாதிச் சுற்றில் கைப்பிடி கழன்று கையோடு வரும். ஒரு கையில் மாவு, மறுகையில் கழன்ற கைப்பிடி, உருளையில் தொங்கும் தகடு. அந்த நேரத்தில் வாயில் நல்ல வார்த்தை வராது. வெட்டும் உருளை தனியே கழற்றும்படி இருப்பது நல்லது. சுத்தம் செய்ய லகுவாக இருக்கும், பெட்டியும் சின்னதாகும். குமிழில் உள்ள எண்களும் மெஷினுக்கு மெஷின் மாறும். சிலவற்றில் பூஜ்யம்தான் அகலம், சிலவற்றில் நேர்மாறு. எப்போதும் அகலத்தில் ஆரம்பித்து, தகட்டை மூன்றாக மடித்து மடித்து நாலைந்து முறை விட்ட பிறகே ஒவ்வொரு எண்ணாக இறங்குங்கள். அவசரப்பட்டு இரண்டு எண் தாவினால் தகடு கிழியும்.

மாவு விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல். முட்டை நாடாவுக்கு மைதா போதும். பூரி மாவைவிட ஒரு பிடி கெட்டியாகப் பிசைந்து அரைமணி மூடி வைத்தால் சரி. புரட்டாசியில் எங்கள் வீட்டில் முட்டை கிடையாது, அப்போது வெறும் தண்ணீர்தான். தெற்கு இத்தாலியில் டூரம் ரவையும் தண்ணீரும் சேர்த்துச் செய்வார்கள். எடைக்கு இரண்டு பங்கு ரவை, ஒரு பங்கு தண்ணீர். நம் கடையில் உப்புமாவுக்கு வாங்கும் ரவை பெரும்பாலும் சாதாரணக் கோதுமையில் உடைத்தது, பரல் பரலாக வேறு இருக்கும். அதை அப்படியே போட்டால் தகட்டின் ஓரம் பல்லுப் பல்லாக உடையும். மிக்ஸியில் அடித்துச் சலித்து, மைதாவோடு பாதிக்குப் பாதி கலக்கிறேன், ஓடுகிறது. நறுக்கிய நாடா ஒட்டாமலிருக்க மேலே தூவுவதற்குத்தான் அந்த ரவை உண்மையில் உபயோகம். சென்னைப் புழுக்கத்தில் மைதாவைத் தூவினால் பத்து நிமிடத்தில் அதுவே பசையாகிவிடும்.

மெஷினைத் தண்ணீரில் கழுவக் கூடாது. எங்கள் வீட்டில் ஒருமுறை கழுவப்பட்டது. ஊரிலிருந்து வந்திருந்த அத்தை, "மாவெல்லாம் அப்பிக்கெடந்துச்சு மாப்பிள்ள, நல்லாத் தேச்சுக் கழுவி வெயில்ல வச்சுட்டனுங்க" என்று சந்தோஷமாகச் சொன்னார். என்ன சொல்ல முடியும்? இரண்டே வாரத்தில் உள்ளே இருக்கும் பல்சக்கரம் கிரீச்சிட ஆரம்பித்தது. முதல் தகடு துருக்கோடு போட்டுக்கொண்டு வந்தது. பாத்திரம் துலக்க வருகிறவர், வீட்டுக்கு வரும் பெரியவர்கள், எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: வேலை முடிந்ததும் அரைமணி அப்படியே விடுங்கள், ஒட்டிய மாவு காயட்டும். பிறகு காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, மெஷினைக் கவிழ்த்து இரண்டு தட்டு. நடுவில் சிக்கியிருக்கும் துணுக்கை எடுக்க, கெட்டியான மாவில் ஒரு சின்ன உருண்டையை விட்டு எடுத்துத் தூர எறியுங்கள். புது மெஷினிலும் முதல் உருண்டை இப்படிக் குப்பைக்குத்தான், ஆலை எண்ணெய் அதில் வந்துவிடும். மாவுத் துணுக்கு உள்ளே தங்கினால் வண்டு வரும், வண்டைத் தேடி எறும்பு வரும்.

அளவெல்லாம் எடுத்துப் பார்த்தும் இடம் தேறவில்லையா? மெஷினே இல்லாமல் செய்கிற பாஸ்தாவும் நிறைய உண்டு. தெற்கு இத்தாலியின் புலியாவில், குட்டிக் காது மாதிரி இருக்கும் ஓரெக்கியெத்தேயை ஒரு சின்னக் கத்தியும் கட்டைவிரலும் வைத்தே செய்துவிடுகிறார்கள். ரொமாஞ்ஞா பகுதியில் கார்கனெல்லி என்று ஒன்று. சதுரமாக நறுக்கிய முட்டைத் தகட்டை ஒரு மெல்லிய குச்சியில் சுற்றி, சீப்பு போன்ற பலகைமேல் அழுத்தி உருட்டுவது. சீப்புச் சீடை செய்கிற கைக்கு அதைச் சொல்லித்தரவே வேண்டாம்.

வாங்கியவர்களுக்கு இன்னொன்று. மெஷினைப் பரணில் ஏற்றாதீர்கள், ஏறியது பொங்கலுக்குத்தான் இறங்கும். குக்கர் வைக்கும் கீழ்த்தட்டில், பழைய வேட்டித்துணியில் சுற்றி வையுங்கள். கைப்பிடியையும் கிளாம்ப்பையும் அதே துணிக்குள்ளேயே முடிந்து வையுங்கள். எங்கள் வீட்டுக் கைப்பிடி மூன்று மாதம் காணாமல் போய், கடைசியில் கரண்டி ஸ்டாண்டில் தோசைத் திருப்பிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.