சேலத்துக்குப் புதுசா குடி வந்தவர்களுக்கு: சாப்பாடும் அக்கம்பக்கமும்

வேலை மாற்றலாகிச் சேலம் வருகிறவர்கள் பலரும் அஸ்தம்பட்டி, அழகாபுரம், கோரிமேடு, கன்னங்குறிச்சி பக்கம்தான் வீடு தேடுகிறார்கள். தப்பில்லை, மொட்டை மாடிக்குப் போனால் சேர்வராயன் மலை தெரியும், ஊரின் மற்ற பக்கத்தைவிட வெக்கை கொஞ்சம் குறைவு. ஆனால் சாமான் இறக்கிய அன்றைக்கே போனை எடுத்து, எந்த ஓட்டலுக்கு எத்தனை நட்சத்திரம் என்று பார்க்க ஆரம்பித்து விடுகிறார்கள், அதை மட்டும் கொஞ்ச நாளைக்குத் தள்ளி வையுங்கள். இந்த ஊரில் எந்தக் கடை என்பதைவிட எந்த நேரம் என்பதுதான் முக்கியம். காலையில் இட்லி வண்டி நிற்கிற அதே மூலையில் பதினொரு மணிக்குக் கம்பங்கூழ்ப் பானை இருக்கும், நாலு மணிக்குத் தட்டுவடைக்காரர் வந்து விடுவார், இருட்டினால் பரோட்டாக் கல் சூடேறும். நாலும் நாலு குடும்பம், ஒன்றின் பெயரும் போனில் இருக்காது.

முதலில் வழி கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஆட்டோக்காரருக்கும் உங்களுக்கும் தினமும் வம்புதான். 'டவுன்' என்றால் பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றிய பகுதி, கடைவீதி, கோட்டை மாரியம்மன் கோயில் எல்லாம் அங்கே. வெளியூர் பஸ் நிற்கிற புது பஸ் ஸ்டாண்டு மெய்யனூரில், அதை யாரும் டவுன் என்று சொல்ல மாட்டார்கள். 'ஜங்ஷன்' என்றால் சூரமங்கலம் பக்கம் இருக்கிற பெரிய ரயில் நிலையம், டவுன் ஸ்டேஷன் என்று வேறொன்று இருக்கிறது, டிக்கெட் போடும்போது கவனம். அப்புறம் மூணு ரோடு, நாலு ரோடு, அஞ்சு ரோடு, மூன்றும் மூன்று வேறு இடங்கள். கதவு எண், குறுக்குத்தெரு எண் எல்லாம் சொல்லிப் பயனில்லை, பக்கத்தில் இருக்கிற கோயிலையோ பள்ளிக்கூடத்தையோ சொல்லுங்கள். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021லிருந்து டிக்கெட்டுக்குக் காசு கிடையாது, டவுனுக்குப் போய்வர அதுவே போதும்.

வீட்டுக்காரரிடம் முதல் நாளே கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: நல்ல தண்ணி என்றைக்கு, எத்தனை மணிக்கு? மேட்டூரிலிருந்து வருகிற காவிரித் தண்ணி தினமும் வரும் என்று நினைக்காதீர்கள், தெருவுக்குத் தெரு முறை மாறும். எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லி வைத்தால் தண்ணி விட்டதும் ஒரு குரல் கொடுப்பார். அந்த ஒரு குரலில்தான் இங்கே பாதி அக்கம்பக்கப் பழக்கம் ஆரம்பிக்கிறது. போர் தண்ணி குளிக்க, துவைக்க சரி. பல இடங்களில் அது உப்பு, அதில் பருப்பு லேசில் வேகாது, டீயும் வாயில் வைக்க முடியாது.

காலைச் சாப்பாட்டுக்கு வீட்டு வாசலில் இட்லி ஊற்றுகிற அக்காக்களைக் கண்டுபிடியுங்கள். பலகை, பெயர் எதுவும் இருக்காது, ஒரு பெஞ்சும் ஆவி பறக்கிற இட்லிக் குண்டானும்தான் அடையாளம். சீக்கிரமே ஆரம்பித்து மாவு தீர்ந்ததும் மூடி விடுவார்கள், ஒன்பதரைக்குப் போய் நின்றால் 'தீர்ந்து போச்சுங்களே' என்பதுதான் பதில். பார்சல் வேண்டுமென்றால் தூக்குவாளி எடுத்துப் போங்கள், சாம்பாரைக் கவரில் கட்டி வாங்குவதைவிட அளவும் தாராளமாக விழும், அடுத்த நாள் உங்கள் முகமும் அவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பேச்சில் 'ங்க' சேர்க்க மறக்காதீர்கள். வாங்க, சரிங்க, இல்லைங்க. கொங்குப் பக்கத்து வழக்கம் இங்கேயும் உண்டு. வயதில் சின்னவர்களைக்கூட 'சொல்லுங்க' என்றுதான் ஆரம்பிப்பார்கள், மொட்டையாகப் பேசினால் சண்டைக்கு வருவதாக எடுத்துக்கொள்வார்கள்.

காய்கறிக்கு உழவர் சந்தை. அஸ்தம்பட்டி, சூரமங்கலம், அம்மாபேட்டை, தாதகாப்பட்டி என்று எல்லாப் பக்கமும் இருக்கிறது. விலைப் பலகை எழுதி வைத்திருப்பதால் பேரம் பேசுவதில் அர்த்தமில்லை. விடியற்காலையில் போனால் நல்ல கீரை, எட்டு மணிக்கு மேல் போனால் மிச்சம். மலையில் விளைகிற சௌசௌ, பலா, பட்டர் ஃப்ரூட் எல்லாம் சீசனில் அடிவாரத்துக்கு இறங்கி வரும், ஏற்காடு ரோட்டோரம் கூடையோடு உட்கார்ந்திருப்பவர்களிடம் வாங்கலாம். மாசத்து மளிகை மொத்தமாக வேண்டுமென்றால் செவ்வாய்ப்பேட்டை லீ பஜார் பக்கம் போங்கள், ஆனால் காரை வீட்டிலேயே விட்டு விடுங்கள், அந்தத் தெருக்களில் மூட்டை இறக்குகிற லாரிக்குத்தான் முதல் மரியாதை.

மதியத்துக்கு மெஸ். பெரிய ஏசி ஓட்டல்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான், அதற்காகச் சேலம் வர வேண்டியதில்லை. அசைவ மெஸ்ஸில் இலை போட்டுச் சோறு வைத்ததும் கோழிக் குழம்பு, ஆட்டுக் குழம்பு, மீன் குழம்பு என்று வாளிகள் வரும், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஊற்ற விடாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் சோறு ஒதுக்கி வையுங்கள், கடைசியில் ரசம். குடல், தலைக்கறி, ரத்தப் பொரியல் சாப்பிடுகிறவராக இருந்தால் ஒரு மணிக்கு முன்னால் போங்கள், முதலில் தீருவது அவைதான். களி கிடைக்கிற கடை ஏதாவது கண்ணில் பட்டால் விடாதீர்கள், கேழ்வரகுக் களியை விரலால் கிள்ளி ஆட்டுக் குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் அப்பிக்கொள்ளும், பக்கத்து இலைக்காரர் சிரிப்பார்.

சரி, தட்டுவடை செட்டுக்கு வருவோம். சேலத்துக்காரர்கள் இதைப் பற்றி நிறுத்தாமல் பேசுவார்கள், நானும் அப்படித்தான். உள்ளங்கையைவிடச் சின்னதாக, மொறுமொறு தட்டை. கடைக்காரர் தட்டில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் பச்சைச் சட்னி ஒரு தடவு, காரச் சட்னி ஒரு தடவு, அதன்மேல் துருவின கேரட், பீட்ரூட், பொடியாக அரிந்த வெங்காயம் கலந்து ஒரு சிட்டிகை, மேலே இன்னொரு தட்டையை மூடி லேசாக ஒரு அழுத்து. அழுத்தும்போது ஓரத்தில் சட்னி பிதுங்க வேண்டும், தட்டை உடையக் கூடாது. கை நிறுத்தாமல் இதைச் செய்துகொண்டே அடுத்தவருக்குச் சில்லறையும் கொடுப்பார். ஒரு செட்டுக்கு எத்தனை என்பது கடைக்குக் கடை மாறும்.

சாப்பிடும் முறை முக்கியம். ஒன்றை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொள்ளுங்கள். கடித்துச் சாப்பிடப் பார்த்தால் பாதி சட்டையில் விழும். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு போனில் பேசினால் சட்னியில் ஊறி நமத்துப் போகும், அப்புறம் அது வேறு பண்டம். காரம் தாங்காதவர்கள் முதலிலேயே 'காரம் கம்மியா' என்று சொல்லி விடலாம், யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். இதே சாமானோடு முறுக்கு வைத்தால் முறுக்கு செட். எல்லாவற்றையும் கையால் உடைத்துக் கிண்ணத்தில் போட்டுக் கலக்கினால் நொறுக்கல், அதில் அவித்த முட்டை சேர்த்தால் முட்டை நொறுக்கல். முதல் தடவை சாதா செட் சாப்பிடுங்கள், நொறுக்கல் பசியோடு போகிறவர்களுக்கு. சீஸ், மயோனைஸ் போட்டு விற்கிற புதுக் கடைகளும் வந்து விட்டன, பிள்ளைகள் கேட்கிறார்கள், வாங்கிக் கொடுங்கள், நான் அந்தப் பக்கம் போவதில்லை. எந்தத் தெருவில் நல்ல கடை என்று கேட்டால் ஆளாளுக்குத் தன் தெருவைச் சொல்வார்கள். டவுனில் பட்டைக்கோயில், சின்னக்கடை வீதி பக்கமும், நெசவாளர்கள் நிறைந்த அம்மாபேட்டை, குகை பக்கமும் ஒரு சாயங்காலம் நடந்து பாருங்கள். ஆனால் வாடிக்கையாக வைத்துக்கொள்ள வேண்டியது உங்கள் தெருமுனைக் கடையைத்தான். வாடகைக்கு இன்னொரு வீடு, வேலைக்கு ஆள், பிளம்பர், நல்ல பல் டாக்டர், எல்லாத் தகவலும் அந்த வண்டியைச் சுற்றி நிற்பவர்களிடம்தான் இருக்கிறது.

ராத்திரி வீச்சு பரோட்டா, கொத்து பரோட்டா. எங்கும் இருப்பதுதான், அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்க வேண்டுமென்றால் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். சேலம் மாவட்டத்து மேச்சேரி ஆடு கறிக்குப் பெயர் போன செம்மறி இனம், 'சேலம் கருப்பு' என்று வெள்ளாட்டு இனமும் உண்டு. கறிக்கடைக்காரரிடம் இது வெள்ளாடா செம்மறியா என்று கேட்டு வாங்குவது இங்கே சகஜம், கோபித்துக்கொள்ள மாட்டார். எலும்பும் கறியுமாகக் கலந்து போடச் சொல்லுங்கள், தனிக் கறி மட்டும் கேட்டால் புது ஆள் என்று தெரிந்து விடும். புரட்டாசியில் பல வீடுகளில் கவுச்சி கிடையாது, அந்த மாதத்தில் வாசனை வரும்படி மீன் வறுக்கும் முன்னால் மாடிவீட்டுக்காரர்கள் எப்படி என்று விசாரித்து விடுவது நல்லது.

ஆடி மாதம் வேறு கதை. கோட்டை மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டிக் கம்பம் நட்டதிலிருந்து ஊரில் இருக்கிற மாரியம்மன் கோயில்கள் எல்லாம் ஒன்றாகக் களை கட்டும். மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள், பதிலுக்கு ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும், அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் கூழ் ஊற்றுவார்கள், பாத்திரத்தோடு போய் நில்லுங்கள், கூச்சப்பட வேண்டாம், வராதவர்களைத்தான் கணக்கில் வைப்பார்கள். கோயில் வரிக்கு ரசீது புத்தகத்தோடு வந்தால் முடிந்ததைக் கொடுங்கள். குகையில் வண்டி வேடிக்கை நடக்கும், ஆட்கள் சாமி வேடம் போட்டு ஜோடித்த வண்டிகளில் ஊர்வலம் வருவார்கள், அதைப் பார்க்காமல் சேலத்தில் இருந்தேன் என்று சொல்லாதீர்கள். அன்றைக்கு அந்தப் பக்கம் வண்டி ஓட்டுவதை மட்டும் மறந்து விடுங்கள்.

மாம்பழம் பற்றி ஒரு வார்த்தை. ஏப்ரலிலேயே தெருவெங்கும் மஞ்சளாகக் குவிந்திருக்கும், அவசரப்படாதீர்கள். செந்தூரா முன்னால் வரும், மல்கோவா பின்னால்தான். மல்கோவா குண்டாக, தோல் பச்சை மாறாமலேயே பழுத்திருக்கும், நிறத்தைப் பார்த்து வாங்கினால் ஏமாறுவீர்கள், காம்புப் பக்கம் மோந்து பாருங்கள். வாசனையே இல்லாமல் பளபளவென்று ஒரே மஞ்சளாக இருந்தால் அது கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்ததாக இருக்கலாம். காயாகவே வாங்கி வைக்கோலில் மூடி வைப்பதுதான் என் யோசனை. இமாம் பசந்த் விலை கூடத்தான், ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை.

நடக்கப் போகிறவர்களுக்குக் கன்னங்குறிச்சி மூக்கனேரி. 2010 வாக்கில் ஊர் மக்கள் சேர்ந்து தூர் வாரி, எடுத்த மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் நட்டார்கள், இப்போது அவற்றில் பறவைகள். காலையில் போனால் கரையோரம் டீக்கடையும் கிடைக்கும்.

ஏற்காடு பக்கம்தானே, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று நினைத்துச் சனி ஞாயிறில் கிளம்பாதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு, அத்தனையிலும் வெளியூர் வண்டி. வார நாளில் காலையில் ஏறி, இருட்டும் முன் இறங்கி விடுங்கள். ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி சாப்பிடுங்கள், வரும்போது மிளகும் காப்பித்தூளும் வாங்குங்கள். வெள்ளைக்காரக் கலெக்டர் காக்பர்ன் 1820களில் கொண்டு வந்து வைத்த காப்பிச் செடியின் வாரிசுதான் அது, சிக்கரி கலக்காமல் அரைத்துத் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அஸ்தம்பட்டி, கோரிமேட்டில் குடியிருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மே மாதம் கோடை விழா நடக்கும் நாட்களில் ஏற்காடு ரோட்டில் உங்கள் வீட்டுக்கே போய்ச் சேருவது கஷ்டம், ஏறுகிற வண்டிகள் இந்தப் பக்கம், இறங்குகிறவை குப்பனூர் வழியாக என்று போலீஸ் திருப்பி விடுவதும் உண்டு. காஸ் சிலிண்டர், மளிகை, டாக்டர் எல்லாவற்றையும் அதற்கு முன்னால் முடித்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போகும்போது என்ன கொண்டு போவது என்று கேட்பீர்கள். ஜவ்வரிசி வடாம் கனமும் இல்லை, கெடவும் செய்யாது. தட்டுவடை செட்டை அப்படியே கட்டி எடுத்துப் போக முடியாது, வெறும் தட்டையைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், சட்னியைக் கிளம்புகிற அன்று சாயங்காலம் தெருமுனைக் கடையில் கேட்டால் டப்பாவில் ஊற்றித் தருவார்கள், கேரட்டும் பீட்ரூட்டும் போய்ச் சேர்ந்த பிறகு துருவிக்கொள்ளலாம்.