கொலுவுக்கு ஒரு திண்ணை வீடு: 1:12 மினியேச்சர், முதல் தடவை செய்றவங்களுக்கு

போன நவராத்திரிக்கு கொலுப்படி பக்கத்துல வைக்க ஒரு ஓட்டு வீடு செஞ்சேன். திண்ணை, ரெண்டு தூண், நாட்டு ஓடு, உள்ள ஒரு கூடம், அவ்ளோதான். வந்தவங்க எல்லாரும் எப்படி செஞ்சீங்கன்னு கேட்டாங்க, அதான் ஒரே பதிவா எழுதிடறேன். ரெண்டு தடவை செவுரு கோணி தூக்கிப் போட்டு மூணாவது தடவைதான் சரியா வந்துச்சு, அந்த இடத்தை கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

1. அளவு

1:12 எடுத்துக்கோங்க. நிஜத்துல 1 அடின்னா இங்க 1 இன்ச், கணக்கே போட வேணாம். இங்கிலாந்து விண்ட்சர் கோட்டைல இருக்குற மேரி ராணியோட பொம்மை வீடு, 1924ல முடிச்சது, லைட் தண்ணிக்குழாய் எல்லாம் வேலை செய்யுமாம், அதுவும் இதே 1:12தான். அதை டிசைன் பண்ணவர் எட்வின் லட்யன்ஸ், புது டெல்லியை வடிவமைச்ச அதே ஆள்.

என் கூடம் 14 இன்ச் அகலம், 10 இன்ச் ஆழம். முன்னாடி திண்ணை 3 இன்ச் ஆழம், ஒன்றரை இன்ச் உயரம், அதாவது ஒரு ஆள் கால் தொங்கப்போட்டு உக்காரலாம். வாசக்கதவு 6 இன்ச், பழைய வீட்ல கொஞ்சம் குனிஞ்சுதான போவோம். தூணுக்கு முதல்ல பென்சில் வச்சுப் பார்த்தேன், ஒல்லியா எடுபடல. பென்சில் 7 மி.மீ, 12 மடங்குன்னா மூணே கால் இன்ச் தூண்தான் ஆகுது. 12 மி.மீ உருட்டுக் குச்சி வாங்கி வச்சதும் வீட்டுக்கே ஒரு களை வந்துருச்சு.

பின்பக்கம் செவுரு வைக்காதீங்க. ஸ்டூல் மேல வச்சா குழந்தைங்க பின்னாடி போய் எட்டிப் பார்க்கும், அதுதான் இதோட அழகே.

2. செவுரு (இங்கதான் நான் மாட்டினேன்)

3 மி.மீ எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செஞ்ச பலகை) எடுத்துக்கிட்டேன். ஸ்டீல் ஸ்கேல் வச்சு கட்டரால அதே கோட்டுல பத்து தடவை இழுத்தா வெட்டுப்படும், ஒரே இழுப்புல வெட்டணும்னு அழுத்தாதீங்க, வழுக்கி கையில ஏறிடும். தேய்க்கும்போது மாஸ்க் கட்டாயம், அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகவே ஆகாது.

வெட்டி முடிச்ச சந்தோஷத்துல உள்பக்கம் மட்டும் வெள்ளை எமல்ஷன் (தண்ணில கலக்குற பெயின்ட்) ரெண்டு கோட் அடிச்சுட்டு படுத்துட்டேன், காலைல பார்த்தா பலகை வில்லு மாதிரி வளைஞ்சு கிடக்கு. மேஜைல கவுத்து வச்சா நடுவுல சுண்டு விரல் நுழையுற இடைவெளி. சரி பெயின்ட்தான் தப்புன்னு ரெண்டாவது தடவை பசையில தண்ணி கலந்து பேப்பர் ஒட்டினேன், அது இன்னும் மோசம். அப்புறம் ஒரு தச்சர்கிட்ட காட்டினப்போ ஒரே வரில சொன்னார்: "ஒரு பக்கம் மட்டும் தண்ணி குடுத்தா அந்தப் பக்கம் ஊறும், அப்புறம் காயும்போது இழுக்கும், பலகை என்ன பண்ணும்?"

அதனால இப்ப நான் பண்றது இதுதான். தண்ணிப் பொருள் எதுவும் படறதுக்கு முன்னாடி சாண்டிங் சீலரோ எண்ணெய் உட் பிரைமரோ வாங்கி முன்பக்கம், பின்பக்கம், நாலு ஓரம், எல்லாத்துலயும் அடிக்கணும், ரெண்டு பக்கமும் ஒரே நாள்ல. ஓரத்தை விட்டுடாதீங்க, எம்டிஎஃப் ஓரம்தான் ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சும். மொட்டை மாடில வச்சு அடிங்க, வாடை தாங்காது. காஞ்சப்புறம் லேசா தேய்ச்சுட்டு பெயின்ட்ட மெல்லிசா அடிங்க. உள்ள ஒரு கோட் அடிச்சா வெளியயும் ஒரு கோட், உள்ள பேப்பர் ஒட்டினா வெளிய அதே தடிமன்ல ஒரு பேப்பர். ராத்திரி பூரா தடி புக்கு அடுக்கி வைங்க. இப்படிப் பண்ணினதுல என் செவுரு ஒரு மழைக்காலம் தாண்டியும் நேரா நிக்குது.

ஒட்டுறதுக்கு ஃபெவிகால்தான், மாஸ்கிங் டேப் போட்டு ஒரு நாள் விடுங்க. க்ளூ கன் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, நூல் நூலா தொங்கும், மூலைல கட்டியா நிக்கும், இந்தச் சின்ன அளவுல அதை மறைக்கவே முடியாது.

செவுரு வெள்ளை, கீழ 3 இன்ச்சுக்கு காவிப் பட்டை. திண்ணை ஓரத்துக்கும் காவி. வாசல்ல கோலம் வெள்ளை அக்ரிலிக்ல, பிரஷ் வேணாம், பல்குச்சி நுனில தொட்டு முதல்ல புள்ளி வச்சுக்கோங்க.

3. ஓடு

இதுக்கு காசே செலவில்ல. பார்சல் அட்டைப்பெட்டி எடுத்து மேல் பேப்பரை ஈரத்துணியால ஒத்தி ஒத்தி மெதுவா உரிச்சா உள்ள வரி வரியா மடிப்பு வரும். ஒரு மடிப்பு 7, 8 மி.மீ இருக்குற பெட்டியா பாருங்க, 12 மடங்குன்னா கிட்டத்தட்ட 9 செ.மீ, நாட்டு ஓட்டுக்கு சரியா வருது. வரிக்குக் குறுக்கா முக்கால் இன்ச் பட்டையா வெட்டி, இறவாணத்துல இருந்து மேல நோக்கி ஒண்ணு மேல ஒண்ணு கால் இன்ச் ஏறுற மாதிரி ஒட்டுங்க. மேல இருந்து ஆரம்பிச்சா மழைத்தண்ணி உள்ள போற ஓடு ஆயிடும், பார்க்கிறவங்களுக்கு ஏதோ தப்புன்னு பட்டுட்டே இருக்கும். செங்கல் கலர் ஒண்ணே ஒண்ணு அடிக்காதீங்க, அடிச்சு காஞ்சதும் அங்கங்க காப்பிக்கொட்டை கலரும் கொஞ்சம் கரும்பச்சையும் ஸ்பாஞ்சால தொட்டு விடுங்க, பாசி பிடிச்ச மாதிரியே இருக்கும். கூரையை ஒட்டிடாதீங்க, தூக்கி எடுக்கிற மாதிரி இருக்கட்டும்.

4. தரை, லைட்டு

ஆத்தங்குடி டைல் டிசைன் மேட் பேப்பர்ல பிரின்ட் எடுத்தேன். 8 இன்ச் டைலுன்னா இங்க 17 மி.மீ வரணும், அதைப் பார்த்து பிரின்ட் போடுங்க, பெருசாப் போட்டா கூடமே சின்னதாத் தெரியும். மேல ரெண்டு கோட் வார்னிஷ்.

லைட்டுக்கு 3 மி.மீ வார்ம் வைட் எல்இடி மூணு, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா 220 ஓம்ஸ் ரெசிஸ்டர் (கரன்ட்டைக் குறைக்கிற சின்னப் பொருள்), பழைய 5 வோல்ட் மொபைல் சார்ஜர். நீளமான கால் பிளஸ். வொயரை செவுரு ஒட்டுறதுக்கு முன்னாடியே விட்டுருங்க. பட்டன் பேட்டரில செய்றது சுலபம்தான், ஆனா வீட்ல சின்னக் குழந்தை இருந்தா வேணவே வேணாம், முழுங்கிட்டா உயிருக்கே ஆபத்து.

5. உள்ள வைக்கிற சாமான்

சொப்பு சாமான் இருக்கேன்னு அப்படியே அடுக்காதீங்க. ரெண்டு இன்ச் சொப்புக் குடம் இங்க ரெண்டு அடி அண்டா ஆயிடும். ஒவ்வொண்ணையும் ஸ்கேல் வச்சுப் பாருங்க, என்கிட்ட இருந்த செட்டுல ஒரு சின்ன உரலும் முறமும் மட்டும்தான் தேறுச்சு. மனுஷங்களுக்கு ஐந்தரை இன்ச் மரப்பாச்சி ஜோடி அச்சா பொருந்தும், ஐந்தரை அடி ஆள் கணக்கு. மாமியாரோட மரப்பாச்சிதான் என் வீட்டுத் திண்ணையில நிக்குது, நெல் உமி கொஞ்சம் முறத்துல போட்டு பக்கத்துல வச்சேன்.

அப்டேட்: ஜன்னலுக்கு ஓஎச்பி ஷீட் (கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக் ஷீட்) ஒட்டினா வெள்ளையா பனி படிஞ்ச மாதிரி ஆகுதுன்னு கமென்ட்ல ஒருத்தர் கேட்டிருந்தாங்க. அது சூப்பர் க்ளூவோட ஆவி படியறது, துடைச்சாலும் போகாது. ஷீட்டுக்கு ஃபெவிகாலோ டபுள் சைட் டேப்போ போடுங்க.

இன்னொரு அப்டேட்: எம்டிஎஃப் கிடைக்காம தெர்மகோல்ல செஞ்சவங்க ஸ்ப்ரே பெயின்ட் அடிச்சு செவுரே கரைஞ்சு போச்சாம். தெர்மகோலுக்கு ஸ்ப்ரேயும் ஆகாது, சூப்பர் க்ளூவும் ஆகாது. மேல பேப்பர் ஒட்டிட்டு அக்ரிலிக் அடிங்க.

கொலு முடிஞ்சதும் எப்படி எடுத்து வைக்கிறதுன்னும் கேட்டிருக்கீங்க. கூரையைத் தனியா எடுத்து, ரெண்டையும் பழைய காட்டன் புடவைத் துணில சுத்தி வைங்க. பிளாஸ்டிக் கவர் வேணாம், உள்ள ஈரம் நிக்கும். பரண்ல செவுரை ஒட்டி வைக்காம நாலு விரக்கட தள்ளி வைங்க.