சீற் கூரை வெக்கைக்குப் போயில் அடித்த விதம்

சித்திரை வெயிலில் சீலிங்கைக் கடந்து இறங்கும் சூட்டில் பெரும்பகுதி சீற்றிலிருந்து வரும் கதிர்ச்சூடு. அதனால் ஒருபக்கம் போயில் (மினுங்கும் அலுமினியத் தாள்) ஒட்டிய நுரை விரிப்பைப் பனஞ்சிலாகைகளின் அடியில் ஸ்ரேப்பிள் அடித்தேன். மினுங்கும் பக்கம் கீழே பார்க்கவேணும். பலர் சீலிங்கின் மேல் மல்லாக்கப் பரப்புகிறார்கள். தூசி படிந்ததும் பலன் போய்விடும். போயிலுக்கு முன்னால் 25 மில்லிமீற்றராவது வெற்றிடம் இல்லாவிட்டால் அது வேலை செய்யாது.

பொருத்துகளை 10 சென்ரிமீற்றர் மேவவிட்டு அலுமினியம் ரேப் ஒட்டினேன். இறவாணத்திலும் முகட்டிலும் காற்றுவழி திறந்தே இருக்கட்டும். அணில், எலி புகாமல் கம்பிவலை போதும்.

தொடங்கமுன் மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். ஸ்ரேப்பிள் வயரைக் குத்தினால் போயில் முழுக்கக் கரண்ட் ஏறும். பழைய வயர்களை முதலில் குழாய்க்குள் விட்டுவிடுவது நல்லது. அஸ்பெஸ்ரஸ் சீற்றைத் துளைக்கவே வேண்டாம்.