வயிற்றுக்குள்ளே எது எங்கே? நாம் விடும் பிழைகள்

கல்லடியில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிறேன். சமிபாட்டுத் தொகுதியை வரையச் சொன்னால் பாதிப் பேர் இரைப்பையைத் தொப்புளுக்கு நேரே பலூன் மாதிரி வரைந்து தருவார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன, பெரியவர்களும் ‘வயிறு’ என்று தடவிக் காட்டுவது அந்த இடத்தைத்தான். இரைப்பை கிடப்பது மேலே, இடப்பக்க விலா எலும்புக்கு அடியில். தொப்புளைச் சுற்றிச் சுருண்டு கிடப்பது சிறுகுடல்.

படத்தில் பிழைத்தால் போவது இரண்டு புள்ளி. வீட்டில் பிழைத்தால் அப்படியில்லை. தொப்புளைச் சுற்றித் தொடங்கும் வயிற்றுக்குத்து சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கினால், அது ‘அப்பென்டிக்ஸ்’ என்கிற குடல்வளரியின் அழற்சியாக இருக்கலாம். ‘கேஸ்’ என்று ஓமத்தண்ணி கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். பேதிக்குக் கொடுக்கவே கூடாது, குடல்வளரி வெடித்துவிடக்கூடும். நேரே ஆஸ்பத்திரிதான்.

பித்தம் இரைப்பையில் ஊறுகிறது என்று எழுதுகிறவர்களுக்கு நான் கோழியைத்தான் நினைவூட்டுவேன். ஈரலை எடுக்கும்போது அதோடு ஒட்டியிருக்கும் பச்சைப் பை உடைந்தால் கறியே கைக்கும் என்று அம்மாமார் எவ்வளவு பக்குவமாக அறுப்பார்கள்! நமக்கும் அதே ஏற்பாடுதான். ஈரலில் ஊறும் பித்தம் பித்தப்பையில் தங்கி, முன்சிறுகுடலில் போய் விழுகிறது. அதில் சமிபாட்டு நொதியம், அதாவது உணவை இரசாயன முறையில் உடைக்கும் பொருள், கிடையாது. கொழுப்பைச் சிறு துளிகளாக உடைத்துக் கொடுப்பதோடு அதன் வேலை சரி, மிச்சத்தைச் சதையியிலிருந்து (கணையத்திலிருந்து) வரும் இலிப்பேசு என்ற நொதியம் பார்த்துக்கொள்ளும்.

சோறு இரைப்பைக்குப் போன பிறகுதான் சமிக்கத் தொடங்கும் என்பதும் பிழை. வெறும் சோற்றை ஒரு நிமிடம் விழுங்காமல் மென்று பாருங்கள், இலேசாக இனிக்கும். உமிழ்நீரிலுள்ள அமிலேசு என்ற நொதியம் மாப்பொருளை வெல்லமாக்கத் தொடங்கிவிட்டது.

சிறுகுடலுக்குப் ‘சிறு’ என்ற பெயர் அகலத்தால் வந்தது. நீளம் ஏறக்குறைய 6 மீற்றர், பெருங்குடலோ 1.5 மீற்றர்தான். உணவின் சத்து பெரும்பாலும் உறிஞ்சப்படுவது சிறுகுடலின் உட்சுவரில் விரல்போல நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய சடைமுளைகளில்.

கடைசியாக, வயிற்றோட்டத்தின்போது ‘குடிக்கக் குடிக்கத்தானே போகுது’ என்று பிள்ளைக்குத் தண்ணீரை நிறுத்துகிற வீடுகள். குடலுக்குத் திரும்ப உறிஞ்ச முடியாமல் போன நீர்தான் அப்படிப் போகிறது. நிறுத்தினால் உடம்பு வற்றிவிடும். ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைத் தூளைக் கரைத்துக் கொடுங்கள், ஆனால் அதன் பொதியில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுவதையும் கரைத்து. கண்மட்டத்துக்கு ஒரு கிளாசில் கொட்டிக் கலக்குவது இன்னொரு பிழை.