சைக்கிளில் அலுவலகம் போகிறவர்களுக்கு: நேரம் எங்கே போகிறது, எப்படிப் பிடிப்பது?

சென்னை திருவான்மியூரில் வீடு, ராதாகிருஷ்ணன் சாலையில் அலுவலகம். எட்டு கிலோமீட்டர். சைக்கிளில் போக ஆரம்பித்த புதிதில் எனக்கு 36 நிமிடம் ஆனது. வேகமாகப் போயே தீருவது என்று இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். சட்டை நனைந்ததுதான் மிச்சம், 34 நிமிடத்துக்குக் கீழே ஒருநாளும் இறங்கவில்லை. இப்போது 30 நிமிடத்தில் போய்விடுகிறேன். கால் ஒன்றும் இரும்பாகிவிடவில்லை. மாற்றியது வேறு சில விஷயங்களை.

படி 1: அளந்து பாருங்கள்

போனில் ஏதாவது ஒரு சைக்கிள் செயலியைப் போட்டு ஒரு வாரம் வழக்கம்போல ஓட்டுங்கள். மொத்த நேரம், சக்கரம் சுற்றிய நேரம் இரண்டையும் அது தனித்தனியாகக் காட்டும். என் கணக்கு இப்படி இருந்தது: மொத்தம் 36 நிமிடம், ஓடியது 25 நிமிடம். மீதி 11 நிமிடம் காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஓடும்போது என் சராசரி வேகம் மணிக்கு 19 கிலோமீட்டர். அதைக் கஷ்டப்பட்டு 22 ஆக்கினால் மூன்று நிமிடம் மிச்சமாகும். நிற்கும் நேரத்தைப் பாதியாக்கினால் ஐந்தரை நிமிடம். எது சுலபம்?

இதில் காற்றும் ஒரு கை பார்க்கும். காற்றைக் கிழித்துப் போகத் தேவைப்படும் சக்தி, வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். 20-லிருந்து 24-க்குப் போனால் காற்றுக்காக மட்டும் சுமார் 70 சதவீதம் கூடுதலாக உழைக்க வேண்டும். அந்த உழைப்பை அடுத்த சிக்னலில் பிரேக்கைப் பிடித்துக் கரைத்துவிடுவோம்.

படி 2: சைக்கிளைச் சரிசெய்யுங்கள்

டயருக்குக் காற்றடிப்பதுதான் முதல் வேலை. டயரின் பக்கவாட்டில் எத்தனை பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்று அச்சிட்டிருக்கும். நான் போன கடையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து "போதும் சார்" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மீட்டர் வைத்த பம்பால் பார்த்தால் 30 காட்டியது. என் டயரில் போட்டிருந்ததோ 50 முதல் 75. அன்றிலிருந்து வாரம் ஒருமுறை நானே அடிக்கிறேன். நம் எடை பெரும்பாலும் பின்சக்கரத்தில் விழுவதால் அதற்கு 60, முன்னதற்கு 55.

பட்டன் பட்டனாக இருக்கும் எம்டிபி (மலைச் சைக்கிள்) டயர் தார்ச்சாலையில் உர்ரென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் முழுக்க உங்கள் உழைப்புதான். அடுத்த முறை மாற்றும்போது வழவழப்பான டயராக வாங்குங்கள்.

அப்புறம் சீட். உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும் என்று பலர் சீட்டைத் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். முட்டி வலிக்கு அதுவே வழி. சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காருங்கள். பெடலைக் கீழே கொண்டுவந்து குதிகாலை அதன்மேல் வையுங்கள். அப்போது கால் நேராக நீள வேண்டும். நிஜமாக ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிப்பீர்கள், முட்டி தானாகவே லேசாக மடங்கும். சிக்னலில் சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்கப் பழக வேண்டியிருக்கும். இரண்டே நாளில் பழகிவிடும்.

செயினைத் துணியால் துடைத்துவிட்டு எண்ணெய் விடுங்கள். முதுகுப் பையைக் கேரியருக்கு மாற்றுங்கள்.

படி 3: ஞாயிற்றுக்கிழமை வழி தேடுங்கள்

என் பழைய வழி: எல்.பி. சாலை, அடையாறு, திரு.வி.க. பாலம், மந்தைவெளி, லஸ். மேப்பில் இதுதான் குறுக்கு வழி. ஆனால் இரண்டாம் கட்ட மெட்ரோவின் மூன்றாவது வழித்தடமும் ஏறக்குறைய இதே பாதையில்தான் வருகிறது. மந்தைவெளியைத் தாண்டினால் தடுப்புகளும் மாற்றுப்பாதைகளுமாக, பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்துதான் போக வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிறு காலை பாலம் தாண்டிப் பட்டினப்பாக்கம், சாந்தோம் வழியாகக் காந்தி சிலை வரை போய்ப் பார்த்தேன். ஒரு கிலோமீட்டர் அதிகம். ஆனால் நிற்கும் இடங்கள் குறைவு, அதைவிட முக்கியமாக, காந்தி சிலையிடம் இடதுபக்கம் திரும்பினால் அலுவலகச் சாலை. சைக்கிளுக்கு வலதுபக்கத் திருப்பம் என்றால் மூன்று வரிசை வண்டிகளைக் கடந்து நடுவுக்குப் போக வேண்டும். தூரம் ஒன்பதாகியும் மொத்த நேரம் மூன்று நிமிடம் குறைந்தது. உங்கள் வழியிலும் கிலோமீட்டரை விடுங்கள், சிக்னலையும் வலதுபக்கத் திருப்பத்தையும் எண்ணுங்கள்.

படி 4: சிக்னலைக் கையாளுங்கள்

சிவப்பில் தாண்டிப் போகும் வித்தை இங்கே கிடையாது. உருண்டு போய்ச் சேர்வதைத்தான் சொல்கிறேன்.

நூறு மீட்டர் முன்னாலேயே சிவப்பு தெரிகிறதா? மிதிப்பதை நிறுத்திவிடுங்கள். நொடி காட்டும் சிக்னல் என்றால் எண்ணைப் பார்த்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். பச்சை விழும்போது சைக்கிள் மெல்ல உருண்டுகொண்டிருந்தால் போதும், பூஜ்ஜியத்திலிருந்து கிளம்ப வேண்டியதில்லை. பக்கத்தில் சீறிப்போன பைக்காரர் கோட்டில் நின்றுகொண்டிருப்பார்.

நின்றே ஆக வேண்டும் என்றால், நிற்பதற்கு முன்பே கியரை இரண்டு மூன்று படி இலகுவாக்குங்கள். செயின் சுற்றும்போதுதான் கியர் மாறும். இதை நான் அடையாறு சிக்னலில் கற்றேன். கனமான கியரிலேயே நின்றுவிட்டு, பச்சை விழுந்ததும் எழுந்து நின்று அழுத்திக்கொண்டே கியரையும் மாற்றினேன். செயின் கழன்றது. பின்னால் பஸ் ஹாரன், கையெல்லாம் கரி, ஒரு ஆட்டோ அண்ணன் "ஓரமா தள்ளுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நிற்கும்போது வலது பெடலைக் கடிகாரத்தில் இரண்டு மணி இருக்கும் இடத்துக்குத் தூக்கி வையுங்கள். ஒரே அழுத்தில் கிளம்பிவிடலாம். கியர் இல்லாத சைக்கிளுக்கு இது இன்னும் முக்கியம்.

படி 5: இடத்தைப் பிடியுங்கள்

ஓரத்தை ஒட்டிப் போனால் பாதுகாப்பு என்று நினைப்போம். ஓரத்தில்தான் மணல், வடிகால் மூடி, திடீரென்று திறக்கும் கார் கதவு எல்லாம் இருக்கின்றன. நிற்கும் வண்டிகளிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, வளைந்து நெளியாமல் நேர்கோட்டில் போங்கள். தடுப்பு வைத்துச் சாலை குறுகும் இடத்தில் கையைக் காட்டிவிட்டு நடுவே போய்விடுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும்.

நிறுத்தத்துக்கு ஒதுங்கும் மாநகரப் பேருந்தின் இடதுபக்கம் மட்டும் நுழையவே கூடாது. பஸ் நிற்பதற்குள் ஆள் குதிப்பார். திரும்பும் லாரியின் இடதுபக்கமும் அப்படித்தான், ஓட்டுநருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். அங்கே மிச்சமாகும் பத்து நொடி நமக்கு வேண்டாம். மழை பெய்திருந்தால் வெள்ளைக் கோடுகளிலும் சாலையில் போட்ட இரும்புத் தகடுகளிலும் பிரேக் பிடிக்காதீர்கள், திரும்பவும் செய்யாதீர்கள்.

படி 6: காலுக்குக் கொஞ்சம் வேலை

இதெல்லாம் கைவந்த பிறகு, வாரம் ஒருநாள் அதிகாலையில் காலியான சாலையில் நான்கு நிமிடம் மூச்சிரைக்க மிதியுங்கள், நான்கு நிமிடம் மெதுவாக. மூன்று முறை போதும். கனமான கியரைத் திணறித் திணறி மிதிக்காமல், நிமிடத்துக்கு 80 சுற்று அளவில் கால் சுழலும்படி கியரை வையுங்கள்.

கிளம்பும் நேரத்தையும் மாற்றிப் பாருங்கள். நான் 8.30-க்குப் பதில் 8.10-க்குக் கிளம்புகிறேன். பள்ளிக்கூட வேன்களோடு சிக்குவதில்லை.

மேலே சொன்ன 30 நிமிடம் காலைக் கணக்கு. கோடை மாலைகளில் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து முகத்தில் அடிக்கும். வீடு திரும்ப 35 ஆகிறது. அதைக் குறைக்க நான் முயற்சி செய்வதில்லை, பட்டினப்பாக்கத்தில் நிறுத்தி ஒரு டீ குடிக்கிறேன்.