ஜின் சந்தும் பீர் தெருவும்: கையால் பிரதி வரையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேய ஓவியர் வில்லியம் ஹோகார்த்தின் ‘ஜின் சந்து’ படத்தை முதன்முதலில் பிரதி எடுத்தபோது, இடது மூலையில் கீழே இருக்கும் சாராயக்கடை வாசலை நான் சரியாகப் பார்க்கவில்லை. வாசலுக்கு மேல் சின்னதாக ஏதோ எழுதியிருந்தது. நாலு கோடு இழுத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். பிறகு பெரிதாக்கிப் படித்தேன்: “ஒரு பென்னிக்குப் போதை, இரண்டு பென்னிக்கு மட்டையாகும் போதை, வைக்கோல் இலவசம்.” விழுந்து கிடக்க வைக்கோலை இனாமாகத் தருகிறார் கடைக்காரர்! அந்தப் பகுதியைச் சுரண்டிவிட்டு மறுபடி வரைந்தேன்.

பிரதி வரைபவர்களும், வரையச் சொல்லி வாங்குபவர்களும் செய்கிற பெரிய தவறு இதுதான். குடியையும் ஊரையும் சாடிய இந்தப் பழைய படங்கள் பேசுவதே பலகையில், மூலையில், கையில் பிடித்திருக்கும் பொருளில்தான். அதை விட்டுவிட்டால் நாலு குடிகாரர்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள்.

அடுத்தது நிறம். ‘மூலத்தில் உள்ள அதே வண்ணம்’ என்று சொல்லி யாராவது ஜின் சந்தின் ஆயில் பெயின்டிங்கை விற்றால் நம்பாதீர்கள். 1751 பிப்ரவரியில் ‘பீர் தெரு’வோடு ஜோடியாக வெளிவந்த அச்சுப்படம் அது. செப்புத் தகட்டில் செதுக்கி, அச்சிட்டு, ஒரு ஷில்லிங்குக்கு விற்றார்கள். கேன்வாஸில் நீங்கள் பார்க்கும் நிறம் முழுக்கப் பிரதி வரைந்தவர் முடிவு செய்தது. நான் மங்கலான பழுப்பும் சாம்பலும் தவிர வேறெதற்கும் போவதில்லை. அந்தச் சந்தில் பளிச்சென்ற சிவப்பைப் பூசினால் திருவிழா மாதிரி ஆகிவிடும்.

ஹோகார்த் ஆயிலிலேயே வரைந்தது வேண்டுமென்றால், சொத்தையெல்லாம் தொலைக்கும் ஓர் ஊதாரியின் கதையை எடுத்துக்கொள்ளலாம். மொத்தம் 8 கேன்வாஸ்கள், லண்டனில் சர் ஜான் சோன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆனால் 1735இல் வந்த அதன் அச்சுப்படங்கள் பெரும்பாலும் இடவலம் மாறியவை. உருவத்தை அச்சிலிருந்தும் நிறத்தை ஓவியத்திலிருந்தும் எடுத்தால் வெளிச்சம் தப்பான பக்கத்திலிருந்து விழும், வலது கை இடது கையாகிவிடும். மூன்றாவது கேன்வாஸில் வரும் மதுக்கடைச் சுவரை விடாமல் பாருங்கள். ரோமானியப் பேரரசர்களின் படங்களில் முகத்தையெல்லாம் வெட்டிச் சிதைத்திருக்கிறார்கள்; நீரோவை மட்டும் தொடவில்லை.

சரி, ஜோடிக்கு வருவோம். ஜின் சந்தை மட்டும் தனியாக வாங்கி மாட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பாதிப் பேச்சைக் கேட்டுவிட்டு எழுந்து போவது போல இருக்கும். ஜின் சந்தில் அடகுக்காரர் கொழிக்கிறார்: தச்சர் ரம்பத்தைக் கொண்டுவந்து வைக்கிறார், ஒரு பெண் சமையல் பாத்திரங்களை வைக்கிறாள். பீர் குடித்துச் செழிக்கும் பீர் தெருவிலோ அடகுக்காரரின் வீடே இடிந்து விழப் பார்க்கிறது, கடன்காரருக்குப் பயந்து கதவு ஓட்டை வழியாகப் பீர் வாங்கிக் குடிக்கிறார். அங்கே கந்தலோடு நிற்கும் இன்னொருவர் கடைப் பலகை வரைகிற ஓவியர். அவரை வரையும்போது மட்டும் என் பிரஷ் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். பீர் தெருவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்புகள் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். முதலில் வந்ததில் கொல்லர் ஒரு பிரெஞ்சுக்காரரைத் தூக்கிப் பிடிக்கிறார், பின்னால் அந்த இடத்தில் ஒரு பெரிய இறைச்சித் துண்டு வந்தது. இரண்டையும் கலக்காதீர்கள்.

“அந்தக் குழந்தை விழுவதை மட்டும் எடுத்துவிடுங்களேன், ஹாலில் மாட்டப்போகிறோம்” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். படத்தின் நடுவே படிக்கட்டில் ஒரு தாய், கால் முழுக்கப் புண், விரலில் ஒரு சிட்டிகை மூக்குப்பொடி. மடியிலிருந்து குழந்தை கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தலைகுப்புற விழுகிறது. அவள் முகத்தில் ஓர் அசட்டுச் சிரிப்பு. படமே அதுதானே. 1734இல் லண்டனில் ஜூடித் டிஃபோர் என்ற பெண், தன் இரண்டு வயதுக் குழந்தைக்கு ஆதரவற்றோர் விடுதியில் கொடுத்த புதுத் துணியை விற்று ஜின் வாங்குவதற்காகக் குழந்தையையே கொன்றாள். அந்த நகரத்தைத்தான் ஹோகார்த் வரைந்தார். குழந்தை வேண்டாமென்றால் வேறு படத்தைத் தேர்ந்தெடுங்கள், இதை மழுப்ப வேண்டாம்.

அளவிலும் கவனம் வேண்டும். ஜின் சந்து அச்சு சுமார் 39 செ.மீ. உயரம், 32 செ.மீ. அகலம்தான். அதை ஆளுயரத்துக்கு இழுத்தால், நெருக்கமான கோடுகள் இருந்த இடமெல்லாம் வெறும் பூச்சாகிப்போகும். நெதர்லாந்து ஓவியர் யான் ஸ்டீன் விஷயத்தில் இதற்கு நேர்மாறு. 1663இல் அவர் வரைந்து இப்போது வியன்னாவில் இருக்கும் குடும்பப் படம் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான அகலம். வீட்டுக்காரி தூங்குகிறாள், பீப்பாயிலிருந்து மது தரையில் ஓடுகிறது, பன்றி உள்ளே வந்துவிட்டது. எல்லார் தலைக்கும் மேலே கூரையிலிருந்து ஒரு கூடை தொங்குகிறது, அதில் ஊன்றுகோல். இப்படியே போனால் கடைசியில் கையில் என்ன இருக்கும் என்று அந்தக் கூடை சொல்கிறது. படத்தைக் கையகலத்துக்குச் சுருக்கினால் முதலில் காணாமல் போவது அதுதான். (ஸ்டீன் டெல்ஃப்ட்டில் பீர் ஆலையும், பிறகு லைடனில் மதுக்கடையும் நடத்தியவர். குடிக்கிற கூட்டத்தைப் பக்கத்திலிருந்தே பார்த்திருப்பார்.)

அப்புறம் ஒன்று. ஹோகார்த், ஸ்டீன் கையெழுத்தை முன்பக்கம் போட வேண்டாம். பின்பக்கம் ‘பிரதி’ என்று எழுதி, உங்கள் பெயரையும் வருடத்தையும், எந்தப் பதிப்பைப் பார்த்து வரைந்தீர்கள் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.